புதுநகர ஆய்வுக்கு வருகிறவர்களே, ஐப்பசியில் வாருங்கள்

புதிய நகரம் கட்டினால் மக்களுக்கு என்ன ஆகும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஆராய்கிற பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், காசு வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதித் தருகிற ஆலோசனை நிறுவனத்தாருக்கும், இவர்களை எல்லாம் அனுப்பி வைக்கிற துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்துக் கல்லல் பக்கத்து ஆள். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருக்கிறது, காரைக்குடியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது, இரண்டிலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கள் ஊரை எடுக்கப் போகிறார்கள் என்று பதறிப்போய் எழுதுகிற மடல் இல்லை இது. ஆனால் காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனதிலிருந்து ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் மனைக்கல் முளைத்துக்கொண்டிருக்கிறது, 2025 பட்ஜெட்டில் சென்னைக்குப் பக்கத்தில் 2,000 ஏக்கரில் ஒரு புதிய நகரம் என்று அரசே அறிவித்தது, அடுத்து யாராவது வரைபடத்தை விரித்து ‘தெற்கே இவ்வளவு தரிசு சும்மாதானே கிடக்கிறது’ என்று எங்கள் பக்கம் விரலை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வந்த பிறகு கத்துவதைவிட வருவதற்கு முன்னாலேயே எழுதிவிடலாம் என்றுதான்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஆய்வைத் தொடங்கும்போது நீங்கள் போட்டுக்கொள்கிற எல்லைக்கோடு தப்பாக இருக்கிறது. எந்த மாதத்தில் பார்ப்பது, எவ்வளவு தூரம் பார்ப்பது, யாரை எண்ணுவது என்று மூன்றிலும் தப்பு. கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டு உள்ளே எவ்வளவு நேர்மையாக அளந்தாலும், அது அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு மழை பெய்யவில்லை என்று எழுதுகிற கதைதான்.

மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2006ஆம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கிற ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு பருவத்துத் தரவு போதும் என்கிறார்கள், அதுவும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம். மழையில் தூசி அடங்கிவிடும், காற்று அளவீடு கெட்டுப்போகும் என்று அதற்கு ஏதோ தொழில்நுட்பக் காரணம் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சிவகங்கைச் சீமைக்குப் பங்குனி சித்திரையில் வந்து பார்த்தால் என்ன தெரியும்? வெடித்துக் கிடக்கிற கண்மாய், சீமைக்கருவேலம், நாலு பனை, நடுவில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள். ‘வறண்ட நிலம், குறைந்த பசுமை, நீர்நிலைகள் பயன்பாட்டில் இல்லை’ என்று மூன்று வரி எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி போய்விடலாம். எழுதியதில் பொய்யும் இருக்காது. அந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அதே இடத்துக்கு ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ வாருங்கள். எங்களுக்கு வருஷத்து மழையில் மற்ற பருவங்களைவிடப் பெரிய பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவதுதான். அந்தக் கொஞ்ச வாரத்தில் இந்தச் சீமை வேறு சீமை. நீங்கள் பொட்டல் என்று எழுதிய இடத்தில் முழங்கால் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும், கிழக்கே சாய்ந்த தரை முழுக்க ஒரே மெல்லிய ஆறு. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழிகிற கலுங்கில் விழுகிற தண்ணீர் ஓடை வழியாகக் கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்துக்காலாகப் போகும், அது நிறைந்தால் அதற்கும் கீழே, இப்படியே போய்க் கடைசியில் மணிமுத்தாறோ பாம்பாறோ எதிலாவது சேரும். எந்தக் கண்மாயும் தனிக் கண்மாய் இல்லை. ஒரு மடையை எவ்வளவு நேரம் திறப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் நீர்பாய்ச்சி கையில் இருக்கிறது, அவருக்குக் கூலி நெல்லாகக் கொடுக்கிற வழக்கம் இன்னும் சில ஊரில் உண்டு. அவரிடம் பேசாமல் எழுதிய நீரியல் அத்தியாயம் எனக்கு நம்பிக்கை தராது, எத்தனை வண்ண வரைபடம் வைத்திருந்தாலும் சரி.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977லிருந்து. நத்தைகுத்தி நாரை வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவை மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கோயில் விசேஷத்துக்கும் வேட்டு கிடையாது, தலைமுறை தலைமுறையாக இப்படி. மே மாதத்தில் வந்து பறவை எண்ணுகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பறவைகூடப் போகட்டும், ஒரு ஊர் முழுக்க வெடிச்சத்தம் இல்லாமல் தீபாவளி கொண்டாடுகிறது என்ற தகவலை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அடுத்து தூரம். திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போடுவது வழக்கம். வட்டம் போட காம்பஸ் போதும், தண்ணீர் காம்பஸ் பார்த்து ஓடுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவு வந்தது, பெரிய நகரம் எல்லாம் இல்லை, சாதாரண பிளாட்தான். ரோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டார்கள், நடுவில் ஓடிய வரத்துக்காலுக்குக் குழாய் பதித்தார்கள், அந்தக் குழாய் தொட்டி கழுவுகிற தண்ணீருக்குத்தான் காணும். நல்ல மழை பெய்த வருஷம் மேல்பக்கத்து வயல் எல்லாம் நாள் கணக்கில் முங்கிக் கிடந்தது, கீழ்ப்பக்கத்துக் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. ஒரே மழையில் ஒரு ஊருக்கு வெள்ளம், அடுத்த ஊருக்குப் பஞ்சம். மனு கொடுக்கப் போனால் ‘வரைபடத்தில் வாய்க்கால் தடைபடவில்லையே’ என்றார்கள், குழாய்தான் இருக்கிறதே. ஒரு மனைப்பிரிவுக்கே இந்தப் பாடு என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கரை மேடாக்கி நிரவுகிற நகரத்துக்குச் சொல்ல வேண்டுமா? அதற்குக் கொட்டுகிற சவுடு மண் எந்தக் கண்மாயில் வெட்டியது, எம் சாண்ட் எந்த மலையை உடைத்தது என்ற கணக்கும் உங்கள் வட்டத்துக்கு வெளியேதான் இருக்கும்.

சண்டிகரைப் பாருங்கள், இந்தியாவில் திட்டமிட்ட நகரம் என்றாலே முதலில் அதைத்தான் சொல்வார்கள். 1958இல் அணை கட்டி சுக்னா ஏரியை உருவாக்கினார்கள், கொஞ்ச வருஷத்திலேயே வண்டல் வந்து தூர்ந்துபோக ஆரம்பித்தது. தூர் வாரி வாரி அலுத்துப்போய் வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனவர்கள் 1970களில் சிவாலிக் மலையடியில் சுகோமாஜ்ரி என்ற சின்ன ஊரில் போய் நின்றார்கள். அங்கே மலைச்சரிவில் மரமும் புல்லும் போய், மழை ஒவ்வொன்றும் மண்ணை அரித்துக்கொண்டு வந்தது. பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி ஊராரோடு உட்கார்ந்து பேசி, சிறிய அணைகள் கட்டி, தேங்கும் தண்ணீரில் எல்லாக் குடும்பத்துக்கும் பங்கு, நிலம் இல்லாத குடும்பத்துக்கும் பங்கு, பதிலுக்கு மலையில் ஆடு மாட்டை அவிழ்த்து விடக்கூடாது என்று ஏற்பாடு செய்தார். வண்டல் குறைந்தது, ஊரும் பிழைத்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், தலைநகரத்து ஏரியின் தலைவிதி எந்த நகர வரைபடத்திலும் இல்லாத ஒரு மேய்ச்சல் ஊரில் இருந்தது என்பதுதான். நகரம் கட்டும்போதே யாராவது ஓடை வழியே மேலே நடந்து போயிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

சரி, ஆட்களுக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

கொஞ்ச காலம் முன்னால் ஏதோ ஒரு கணக்கெடுப்புக்கு எங்கள் பக்கம் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், வெயிலில் அலைந்தார்கள், மோர் கொடுத்தோம். கையில் டேப்லெட், அதில் தொழில் என்ற கேள்விக்கு விவசாயம், கூலி, சொந்தத் தொழில், வேலை இல்லை என்று கட்டங்கள். எங்கள் தெரு அப்பத்தா ஒருவர், நாலு ஆடு வளர்க்கிறார், நூறு நாள் வேலைக்குப் போகிறார், கண்மாய் வற்றினால் மீன் பிடிக்கப் போவார், வெயில் காலத்தில் நுங்கு, கருவேல விறகு வெட்டிக் கரிமூட்டக்காரருக்குப் போடுவதும் உண்டு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பையன் ‘கூலி’யில் தட்டினான். “இம்புட்டும் அந்த ஒத்தக் கட்டத்துக்குள்ளயா போகும் தம்பி?” என்று அப்பத்தா கேட்டதற்கு அவன் சிரித்தான், அவனும் என்ன செய்வான், கட்டத்தைப் போட்டவர் வேறு எங்கோ ஏசி அறையில் இருக்கிறார். அப்பத்தா பெயரில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. அவர் பிழைப்பு முழுக்கப் புறம்போக்கிலும் கண்மாய் உள்வாயிலும் அடுத்தவர் தரிசிலும் இருக்கிறது. நகரம் வந்தால் அவருக்கு இழப்பீடு கணக்குப் போட ஒரு சர்வே எண் வேண்டும், அது அவரிடம் இல்லை.

ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிற கீதாரிகள் கதை இன்னும் மோசம். அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் கிடை போடுவார்கள், ஆட்டுப்புழுக்கைக்காக வயல்காரர் அவர்களுக்குக் கூலி கொடுப்பார், அப்புறம் அடுத்த ஊர். ரேஷன் கார்டு ஒரு இடத்தில், ஆடு ஒரு இடத்தில், ஆள் வழியில். வீடு வீடாகப் போகிற கணக்கெடுப்பில் இவர்கள் எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. ஒரு புதுநகரம் வந்து அந்த வழியில் சுவர் எழுப்பினால் ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியலில் அவர்கள் பெயர் வர வழியே இல்லை. அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்கிற வேளார் கண்மாய் மண்ணை நம்பியிருக்கிறார், சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கிறது பொட்டலை நம்பித்தான். வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்று எழுதியிருப்பதை நீங்களும் தரிசு என்று எழுதிக்கொண்டு போனால், உங்களை எதற்கு அனுப்ப வேண்டும், அடங்கலை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் போதாதா?

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் படிவத்தைவிடப் பெரிய மனசோடு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் பட்டாக்காரர் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக அந்த நிலத்தில் கூலிக்கு உழைப்பவர், குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுபவர், கைவினைஞர், நீர்நிலையை நம்பிப் பிழைக்கிறவர் எல்லாரும் அதில் வருவார்கள். சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும், கிராம சபையைக் கேட்க வேண்டும், அறிக்கை உள்ளூர் மொழியில் ஊராட்சியில் கிடைக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வராமலே நிலம் எடுக்கிற வழிகள் நம் ஊரில் இருக்கின்றன. தொழில் தேவைக்கு என்று 1997இல் போட்ட மாநிலச் சட்டத்தில் எடுத்தால் சமூகத் தாக்க ஆய்வு தேவையில்லை. அந்த விலக்கு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் சொன்னது, அதே வருஷம் சட்டமன்றம் புதிய சட்டம் போட்டு அதை உயிர்ப்பித்தது, 2021இல் உச்சநீதிமன்றமும் செல்லும் என்றுவிட்டது. சுற்றுச்சூழல் அனுமதியில் பார்த்தால் 2006 அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு. மீண்டும் படியுங்கள், ஒரு சிமெண்ட் ஆலை வந்தால் ஊரைக் கூட்டி மைக் வைத்துக் கேட்க வேண்டும், அந்த சிமெண்டை எல்லாம் கொட்டி ஒரு டவுன்ஷிப்பே கட்டினால் கேட்க வேண்டாம். இதற்கு மேல் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், 2023. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால் அவற்றையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க அதில் வழி இருக்கிறது. தண்ணீரின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் சமாதானம். கொள்ளளவு குறையாது சரி, வரத்துக்கால் எங்கே, அந்தத் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு வயல் எங்கே, மடை திறந்தால் தண்ணீர் யார் வயலுக்குப் போகும்? சுற்றி நடைபாதையும் விளக்கும் வைத்த ஒரு குட்டையில் அதே அளவு தண்ணீரைத் தேக்கி வைத்துவிட்டால் அது கண்மாய் ஆகிவிடுமா?

ஆகவே ஆய்வு சட்டப்படி கட்டாயமா இல்லையா என்பதைப் பார்த்து நீங்கள் வேலை செய்தால் பாதி நகரங்கள் உங்கள் கையிலேயே சிக்காது. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் பல்கலைக்கழகத்து ஆள்கள் அதிகம் வேண்டும்.

அமராவதி ஒன்று போதும் இதற்கெல்லாம் சாட்சி. ஆந்திரம் 2014இல் பிரிந்தபோது தலைநகருக்கு இடம் பார்க்க சிவராமகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டார்கள், விஜயவாடா குண்டூர் பக்கத்து வளமான நிலத்தைத் தொடாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள் என்று அந்தக் குழு சொன்னது. ஆய்வு செய்தார்கள், அறிக்கை வந்தது, அதை ஓரமாக வைத்துவிட்டு அதே இடத்தில் 29 கிராமங்களில் சுமார் 34,000 ஏக்கர் நிலத்தை ஒன்றுசேர்த்தார்கள். கையகப்படுத்தல் இல்லை, விவசாயிகளே மனமுவந்து கொடுப்பது என்று பெயர். நிலம் கொடுத்தவருக்கு வருஷத் தொகையும் திருப்பித் தரும் மனையும் என்று ஒரு கணக்கு இருந்தது. கிருஷ்ணா கரையில் வாழையும் காய்கறியும் பூவும் வருஷம் முழுக்க விளைந்த மண் அது, அதில் தினக்கூலிக்குப் போன நிலமில்லாத குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய். குடும்பத்துக்கு, மாதத்துக்கு. களை எடுக்கப் போன பெண்கள் அதைவிட எத்தனை மடங்கு சம்பாதித்திருப்பார்கள் என்று கூலி தெரிந்த யாரும் சொல்வார்கள். 2019இல் ஆட்சி மாறி மூன்று தலைநகரம் என்றார்கள், பாதி எழும்பிய கட்டடங்கள் புதர் மண்டிக் கிடந்தன, 2024இல் மறுபடி ஆட்சி மாறி மறுபடி வேலை. நடுவில் போன ஐந்து வருஷத்துக்கு வயலும் இல்லை, நகரமும் இல்லை. ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்று ஒரு அத்தியாயம் உங்கள் தாக்க ஆய்வு எதிலாவது இருக்கிறதா? நம் நாட்டில் நிலநடுக்கத்தைவிட அடிக்கடி வருவது அதுதான்.

கட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேசில்காரர்கள் பிரசீலியாவை 1960இல் திறந்தார்கள், 5 லட்சம் பேருக்குத் திட்டம். அதைக் கட்டிய தொழிலாளிகளுக்கு அந்தத் திட்டத்தில் வீடு இல்லை, திறப்பதற்கு முன்னாலேயே வெளியே துணைநகரங்கள் கிளம்பிவிட்டன, 1971இல் குடிசைக்காரர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் சேலாந்தியா என்ற இடத்தில் இறக்கினார்கள். 2022 கணக்கெடுப்பில் அந்தத் தலைநகர மாவட்டத்தில் 28 லட்சம் பேர், பெரும்பாலோர் மூலத்திட்டத்துக்கு வெளியே. வரைபடத்தில் இல்லாத நகரம்தான் பெரிய நகரம். நம் ஊரில் கம்பி கட்ட வருகிற ஒடிசா, பீகார் பையன்கள் தகரக் கொட்டகையில் எவ்வளவு நாள் இருப்பார்கள், வேலை முடிந்து போகாமல் தங்கினால் எங்கே தங்குவார்கள் என்று யார் எழுதுவது?

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம். புதுநகரம் என்றால் நீங்கள் துபாய், சிங்கப்பூர், தென்கொரியாவின் சோங்டோ என்று பறக்கிறீர்கள், எங்கள் செட்டிநாடே திட்டமிட்டுக் கட்டிய ஊர்கள்தான். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ போய் நின்று பாருங்கள், நூல் பிடித்த தெரு, ஒரு தெருவில் முன்வாசல் அடுத்த தெருவில் பின்வாசல், கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு, மிஞ்சியது தெருக்காலுக்கு, அங்கிருந்து ஊருணிக்கு. குடிதண்ணீர் ஊருணியில் கால் வைத்தால் திட்டு விழும். சரளை மண்ணும் சொற்ப மழையும் உள்ள இடத்தில் இவ்வளவு பேர் குடியிருக்க அந்தக் கணக்கு தெரியாமல் முடியாது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் எங்கள் ஊர்களை ஒரு தொகுப்பாகச் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெருமை போதும், மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். அந்த வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு. காசு பெரும்பாலும் பர்மாவில் வட்டிக்கடை நடத்தி வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938இல் சுமார் 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியது பாதிகூட இருக்காது, உலக மந்தத்தில் நெல்விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் கைமாறி வந்தது. அந்த விவசாயிக்குக் கானாடுகாத்தான் எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது. செட்டிநாட்டுக்கு ஒரு தாக்க ஆய்வு அந்தக் காலத்தில் 10 கிலோமீட்டர் வட்டத்தில் நடந்திருந்தால் ‘பாதிப்பு எதுவும் இல்லை, ஊருணி வெட்டியதால் நிலத்தடி நீர் உயர்ந்துள்ளது’ என்றுதான் முடிந்திருக்கும். ஐராவதி டெல்டா எந்தப் பக்கத்திலும் வந்திருக்காது.

அப்புறம் நடந்ததும் உங்களுக்குப் பாடம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், மக்கள் நடந்தே ஊர் வந்தார்கள், 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. ஒரே ஒரு தொழிலை நம்பி எழும்பிய ஊர்களில் அந்தத் தொழில் போனதும் வீடுகள் பூட்டப்பட்டன. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில், முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கதவு திறக்கும். சிலது ஹோட்டல் ஆனது, பலதைப் பிரித்துத் தேக்கையும் கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எடைக்கும் விலைக்கும் விற்றார்கள். இந்த வீடுகளில் வேலை செய்து பிழைத்த குடும்பங்கள் என்ன ஆனார்கள் என்று எந்த சுற்றுலாக் கையேடும் சொல்லாது. புனே பக்கத்தில் தனியார் கட்டிய புதுநகரமான லவாசாவில் 2010இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது, 2018இல் திவால் வழக்கு, கட்டி முடித்த வீதிகள் காலி. அதை நீங்கள் தோற்றுப்போன திட்டம் என்று எழுதுகிறீர்கள். செட்டிநாட்டில் நூறு வருஷ முடிவே கண் முன்னால் நிற்கிறது, ஊருணிக் கணக்கு இன்னும் வேலை செய்கிறது, பணக்கணக்கு முடிந்துபோய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. இதைவிட நல்ல ஆய்வுக்களம் வேறு எங்கே கிடைக்கும்? ஆராய வருகிறவர்கள் எல்லாரும் தூணையும் ஆத்தங்குடிப் பூக்கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நகரமே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்ததால்தான் எங்கள் தலைமுறைக்குக் காரைக்குடி என்றால் படிப்பு என்று ஆனது. வேலைக்குப் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகாமல் பக்கத்திலேயே கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் ஊர் நகரமாவதிலேயே சத்தமில்லாமல் சில விஷயம் போய்விடுகிறது. ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை இல்லை, கிராம சபை இல்லை, வரி ஏறும். கோட்டையூர், கண்டனூர் எல்லாம் காரைக்குடியோடு சேர்ந்தபோது சுற்றியிருந்த ஊராட்சிகளில் டீக்கடைப் பேச்சு முழுக்க இதுதான். ஒரு செங்கல்கூட வைக்காமல் வெறும் எல்லை மாற்றத்திலேயே அப்பத்தாவின் வருமானத்தில் ஒரு பங்கு போகிறது என்றால் அதுவும் தாக்கம்தானே, அதை யார் அளக்கிறீர்கள்?

உங்களிடம் கேட்பது இதுதான். முதல் வேலையாக ஐப்பசி மழை தொடங்கும்போது வாருங்கள், மாசி வரை இருங்கள், அப்புறம் சித்திரையிலும் ஒரு தடவை வாருங்கள். முடிந்தால் இரண்டு வருஷம் பாருங்கள், ஏனென்றால் எங்களுக்கு ஒரு வருஷம் பெய்தால் இரண்டு வருஷம் ஏய்க்கும். வட்டம் போடாதீர்கள், மேலே முதல் கண்மாயிலிருந்து கீழே கடைசிக் கண்மாய் வரைக்கும் கலுங்கு கலுங்காக நடந்து அந்தத் தொடரையே ஆய்வு எல்லையாக வையுங்கள். படிவத்தில் தொழிலுக்கு ஒரு கட்டம் வைக்காமல் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம் வையுங்கள், எந்த மாதம் எதில் பிழைக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆம்பளைகளை டீக்கடையில் பிடித்துக் கேட்டுவிட்டு ஊர் கருத்து என்று எழுதாதீர்கள், ரேஷன் கடை வரிசையில் போய் நில்லுங்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது திட்டக்காரரே என்றால் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். ‘பாதிப்பைக் குறைக்கும் வழிகள்’ என்று கடைசி அத்தியாயம் வைக்கிறீர்களே, அதற்கு முன்னால் ‘இந்த இடத்தில் கட்ட வேண்டாம்’ என்று எழுதுவதற்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள், அது காலியாக இருந்தாலும் ஏன் காலி என்று எழுதுங்கள்.

வரைவு அறிக்கை தமிழில் வேண்டும். நூறு பக்க ஆங்கிலத்துக்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் போதாது, வரைபடமும் சர்வே எண்ணும் சேர்த்து முழுசாக வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்துக்கு எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும், அப்போது கண்மாயிலும் தண்ணீர் இருக்கும், நீங்கள் போட்ட கோட்டை நேரில் போய்ச் சரிபார்க்கத் தோதான மாதம். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி வையுங்கள், மாநகராட்சியோடு சேர்ந்துபோன ஊர்களுக்கு வார்டு பகுதி சபையில் வையுங்கள். அன்றைக்கு நீங்களும் வந்து உட்காருங்கள். நீர்பாய்ச்சியையும் அப்பத்தாவையும் அழைத்து வருவது என் பொறுப்பு.